அரை ஆடு

என் ஊருக்குப் பெயர் போர்வெனீர்.
எங்கள் மொழியில் வருங்காலம் என்று பொருள்.
அங்கே திரும்பிப் போவதா வேண்டாமா என்று
மூன்று வாரமாக யோசிக்கிறேன்.
இதைச் சொன்னால் சாந்தியாகோவில் சிரிக்கிறார்கள்.

ஊர் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்ய ஆள் வேண்டுமாம்.
திங்கட்கிழமைக்குள் பதில்.
பதினாறு வருடமாக, ஜன்னல் இல்லாத அறையில்,
முகம் தெரியாத வாய்களுக்கு
மெழுகில் சிரிப்பு வார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஒன்பதாம் மாடியில் குடியிருப்பு.
போன குளிர்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்,
ஒரு செவ்வாய் இரவு.
வியாழன் மதியம்தான் ஒருவர் கேட்டார்,
ஏன் நொண்டுகிறாய் என்று.
அவரும் லிப்ட் பழுதுபார்க்க வந்தவர்.

ஆகவே ஒரு வார விடுப்பு, ஒரு விமானம், பிறகு படகு.
மகெல்லன் நீரிணை இரண்டு மணி நேரம் குலுக்கி
என் குடலை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்
திருப்பித் தந்தது.
துறையில் காற்று.
காற்றென்றால், கார்க் கதவைத் திறக்கும் முன்
எந்தப் பக்கம் பிடுங்கும் என்று
யோசித்துத் திறக்க வைக்கிற காற்று.

அண்ணன் ஊரைச் சுற்றிக் காட்டினான், நான் பார்க்காதது போல.
தெற்கே பயனற்ற விரிகுடா.
அதற்குப் பெயரே அதுதான்.
அங்கே பென்குவின்கள் ஜோடி ஜோடியாக நின்றன.
"பார், பார்," என்றான் அண்ணன்.
பார்த்தேன், பார்த்தேன்.

ஊரில் மணமாகாத ஆண்களை எண்ணினேன்.
ஒரு கை போதும். விரல் மிச்சம்.
விளாதிமிர், சித்தப்பா மகன்.
மருந்துக்கடை கலிஸ்தோ. மனைவி போய்விட்டாள்,
அவள் பூனைகள் போகவில்லை.
பதினேழு வயதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
என்னை முத்தமிட்டவன் துறைமுகக் காவலில் இருக்கிறான்.
என் அடையாள அட்டையை வாங்கிப்
பிறந்த வருடத்தைச் சத்தமாக வாசித்தான்.

"தனியாகவா வந்தாய், மிர்னா?"
ஒவ்வொரு தகரக் கூரைக்குக் கீழும் இதே கேள்வி.
ஒண்டிக்கட்டை என்று நானே சொல்லிக்கொண்டேன்.
அண்ணன் வீட்டு அடுப்பில் பார்த்தேன்:
லெங்கா மரம், நன்றாய்க் காய்ந்த கட்டை,
ஒன்றை மட்டும் வைத்தால்
புகைந்து புகைந்து அணைந்துபோகிறது.
அண்ணி இன்னொன்றை அதன்மேல் சாய்த்தாள்.
எதுவும் சொல்லவில்லை.
அதுதான் எரிச்சலாக இருந்தது.

யாஸ்னா கூடப் படித்தவள், மணவிலக்கு வாங்கியவள்.
அவள் வீட்டில் எரிவாயு.
"கட்டையா? யார் சுமப்பது?"
நள்ளிரவு வரை சீட்டாடினோம்.
அவள் ஏமாற்றினாள். நானும்.
கதவடியில் காலணி மாட்டும்போது சொன்னாள்:
"இங்கேயும் தனியாகத்தான் இருப்பாய்.
ஆனால் நொண்டினால்
அரைமணியில் ஊருக்கே தெரியும்.
நல்லதா கெட்டதா, எனக்கே இன்னும் புரியவில்லை."

ஞாயிறு காலை துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
ஜன்னலுக்குள்ளிருந்து முத்தக்காரன் கையை விரித்தான்.
திட்டினேன், முறைப்படி.
திட்டி முடிப்பதற்குள்
கால்கள் இறைச்சிக் கடைக்குத் திரும்பியிருந்தன.

எலியோதோரோ பாதி ஆடாகத்தான் விற்பார்.
வந்த அன்றே சண்டை போட்டுப் பார்த்தேன்,
ஒருத்திக்கு எதற்கு அரை ஆடு என்று.
"ஒருத்தி அளவுக்கு ஆடு பிறப்பதில்லையே," என்றார்.
இன்று வாயைத் திறக்காமல் பணத்தை வைத்தேன்.

நாளை படகு போகலாம்.
போனால் இதை என்ன செய்வேன்?
அண்ணன் வீட்டு உறைபெட்டி நிரம்பி வழிகிறது.
யாஸ்னாவுடையது சின்னது.
கலிஸ்தோவிடம் பெரிய பெட்டி இருக்கிறதாம். பூனைகளும்.
துணியில் சுற்றிய விலா எலும்பு தோளில் அழுத்த,
காற்றுக்குப் பக்கவாட்டில் நடந்தபடி
யார் யார் கதவைத் தட்டி இடம் கேட்கலாம் என்று
எண்ணிக்கொண்டு வருகிறேன்.
விரல்கள் போதவில்லை.
ஒரு கை ஆட்டின் காலைப் பிடித்திருக்கிறது.